ஆயாவுக்கு யார் எடை பார்ப்பது?

கடலூர் மாவட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அன்றைக்கே அதன் எடை எழுதப்படுகிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் தனிக் கவனிப்பு. தடுப்பூசிக்குத் தூக்கி வந்தால் தராசு, அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை தராசு. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் தாயைக் கூப்பிட்டு, என்ன கொடுக்கிறாய், வயிற்றுப்போக்கு இருந்ததா என்று விசாரிப்பார்கள். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வந்ததிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது.

அதே வீட்டுத் திண்ணையில் எழுபத்தைந்து வயது ஆயா உட்கார்ந்திருப்பார். போன வருடம் அவர் எடை என்ன, இந்த வருடம் என்ன? பெற்ற பிள்ளைக்கும் தெரியாது, ஊர் நர்ஸுக்கும் தெரியாது. ரவிக்கை தோளிலிருந்து நழுவுகிறது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்பதை மருமகள் வேண்டுமானால் கவனித்திருப்பார். ‘வயசாச்சுல்ல’ என்று அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள். உத்தரத்தில் தொங்கு தராசை மாட்டிக் குழந்தைகளை எடை பார்த்தே என் பணிக்காலம் போனது. இப்போது சிதம்பரத்தில் இருக்கிறேன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் சுயநலமும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். குழந்தைக்கு இருப்பது போல அறுபத்தைந்து தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை வேண்டும். அதில் எடை, நடை, எழுந்து நிற்கும் வேகம், கைப்பிடி நான்கையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத வேண்டும். கோடு படுத்தால் கேள்வி கேட்க வேண்டும். இதற்குப் பெரிய மருத்துவமனையோ ஸ்கேனோ தேவையில்லை.

வயது வேறு, தளர்ச்சி வேறு

ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுபத்தெட்டு வயதில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் போகிறார். மற்றவர் கொல்லைப்புறம் போய்வரச் சுவரைப் பிடிக்கிறார். பிறந்த தேதி ஒன்று, உடம்பின் கையிருப்பு வேறு. ஒரு வாரக் காய்ச்சல் வந்தால் முதலாமவர் பத்து நாளில் மறுபடி ஆட்டை ஓட்டுவார். இரண்டாமவர் படுத்தால் படுத்ததுதான். சின்ன அடியைக்கூடத் தாங்க முடியாத அளவுக்குக் கையிருப்பு கரைந்துபோன அந்த நிலையைத்தான் முதியோர் மருத்துவத்தில் தளர்ச்சி என்கிறார்கள்.

அதை அளக்க இரண்டு பெரிய வழிகள் 2001-ல் வந்தன. அமெரிக்காவில் லிண்டா ஃபிரைட் தலைமையிலான குழு ஐந்து அறிகுறிகளைச் சொன்னது: தானாக எடை இழப்பு, எதற்கும் தெம்பில்லாத களைப்பு, கைப்பிடி வலுவின்மை, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு. ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. கனடாவில் கென்னத் ராக்வுட்டும் அர்னால்ட் மிட்னிட்ஸ்கியும் வேறு கணக்குப் போட்டார்கள். காது மந்தம், மறதி, சர்க்கரை, குளிக்கத் துணை தேவைப்படுவது என நாற்பது குறைகளைப் பட்டியலிட்டு, ஒருவருக்கு அதில் பத்து இருந்தால் 0.25 மதிப்பெண். எந்தக் குறை என்பதைவிட எத்தனை குறை என்பதே அங்கே கணக்கு. ராக்வுட் 2005-ல் டாக்டர்கள் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஏழு படி அளவுகோலையும் கொடுத்தார். பின்னர் அது ஒன்பது படியானது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கவலை என்று தள்ளிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டு மக்களில் 8.6 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. நமக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்ட சுமார் நானூறு பேரை ஃபிரைட் முறைப்படி அளந்த ஆய்வு 2019-ல் வெளியானது. நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் தளர்ந்த நிலையில் இருந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அதே மண், அதே சோறு, அதே வேலைதான் இங்கேயும். காட்டுமன்னார்கோவிலிலும் குமராட்சியிலும் நிலைமை ரொம்ப மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் வாசலில் அந்த ஐந்து

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவிலும் உறவுக்காரர்கள் ஊரிலும் இந்த அளவைகளைச் செய்து பார்க்கிறேன். புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துவந்தால் நம் ஊரில் எங்கெல்லாம் இடறும் என்று அதில் தெரிந்தது.

முதலில் எடை. ஒரு வருடத்தில் நாலரைக் கிலோ, அல்லது உடம்பில் இருபதில் ஒரு பங்கு தானாகக் குறைந்தால் ஒரு மதிப்பெண். நாலரைக் கிலோ என்பது அமெரிக்க உடம்புக்கு வைத்த கணக்கு. நாற்பது கிலோ இருக்கும் ஆயாவுக்கு இருபதில் ஒரு பங்கு என்றால் இரண்டே கிலோ. இரண்டு கிலோ போனதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போன வருடத்து எண் எங்காவது எழுதியிருந்தால்தான் தெரியும். அதுதான் எங்கேயும் இல்லை. பெரியவர்களிடம் ‘இளைச்சிட்டீங்களா?’ என்று கேட்டால், ‘எப்பவும் இதே உடம்புதான்’ என்பார்கள். பழைய ரவிக்கையைக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது களைப்பு. போன வாரத்தில் எத்தனை நாள் எந்த வேலையைத் தொட்டாலும் பெரும்பாடாக இருந்தது, எத்தனை நாள் எழுந்து தொடங்கவே முடியவில்லை என்று கேட்க வேண்டும். மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றால் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: ‘எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன்.’ முடியவில்லை என்றால் பிள்ளைக்குக் கெட்ட பெயர், மருமகளுக்குக் கோபம். தண்ணீர் கேட்டு மருமகளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் நான் கேட்பேன். ‘கோலம் போட்டுட்டு எழுந்திரிக்கிறப்போ அப்படியே உக்காந்துடலாம்னு இருக்கு நர்ஸம்மா’ என்று அப்போது வரும். நூறு பக்கக் கேள்வித்தாளைவிட அந்தத் தண்ணீர் சொம்பு முக்கியம்.

உடலுழைப்புக் கேள்விதான் இருப்பதிலேயே வேடிக்கை. ஃபிரைட் குழு பயன்படுத்திய பட்டியலில் புல்வெளி வெட்டுவது, கோல்ஃப், டென்னிஸ், பௌலிங் எல்லாம் இருக்கின்றன. கிள்ளையில் மீன் காயவைக்கும் ஒரு பெரியம்மாவிடம் கோல்ஃபைப் பற்றி எப்படிக் கேட்பது? நம் பட்டியல் வேறு. வாசல் தெளித்துக் கூட்டுகிறாரா? குடத்தை இடுப்பில் வைக்கிறாரா, கையில் தூக்குகிறாரா, யாராவது கொண்டுவந்து வைக்கிறார்களா? களை எடுக்கப் போனாரா? ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாரா, அட்டையைப் பேரனிடம் கொடுத்துவிடுகிறாரா? அமாவாசைக்குக் கோயிலுக்குப் போவது எப்போது நின்றது? இந்தக் கேள்விகளை இங்கே இருப்பவர்கள்தான் எழுத முடியும்.

கைப்பிடியை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கையில் பிடித்து இறுக்கினால் எத்தனை கிலோ என்று முள் காட்டும். வெறும் பிடி என்று நினைக்க வேண்டாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு 2015-ல் லான்செட் இதழில் வந்தது. யார் சீக்கிரம் இறப்பார் என்பதைச் சொல்வதில் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி மேலாக இருந்தது. நாம் ஊர் ஊராக பி.பி. பார்க்கிறோம், கைப்பிடி பார்ப்பதில்லை. ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை. பண்ருட்டிப் பக்கம் வருடக்கணக்கில் முந்திரி உடைத்த பெண்களின் கை இரும்பு போல இருக்கும். கருவியின் முள் நன்றாகவே ஏறும். அதே அம்மா தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஒரே எண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம்.

அதனால்தான் நடை. எனக்கு மிகவும் பிடித்த அளவை இது, செலவே இல்லாதது. வாசலில் நான்கு மீட்டரை டேப் வைத்து அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டடி முன்பே நடக்கத் தொடங்கி, இரண்டாவது கோட்டையும் தாண்டிப் போகச் சொல்லுங்கள். செல்போனில் நொடி பாருங்கள். நான்கு நொடியில் கடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர், பரவாயில்லை. ஐந்து நொடிக்கு மேல் ஆனால் 0.8 மீட்டருக்கும் கீழே, கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது பரீட்சை மாதிரி தோன்றிவிடும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். ‘ரேஷன் கடைக்குப் போற மாதிரி நடங்க ஆயா’ என்று சொன்னால்தான் நிஜ நடை வரும்.

0.8 மீட்டர் என்றால் என்ன என்பதைத் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் போய்ப் பாருங்கள். சாலை கடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. பத்து மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவர்கள் கணக்கில் எட்டு நொடி சொச்சம். 0.8-ல் நடப்பவருக்குப் பன்னிரண்டரை நொடி. நடுவில் இருக்கும் நான்கு நொடியில்தான் பஸ் ஹாரன் அடிக்கிறது, ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு போகிறது. அதற்குப் பயந்து அந்தப் பெரியவர் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்துகிறார். போகாததால் கால் இன்னும் மெலிகிறது. சிதம்பரத்தில் விடியற்காலையில் நான்கு தேர் வீதிகளையும் சுற்றிவந்தவர் ஒருநாள் மேல வீதியோடு திரும்புவார். வீட்டில் சோம்பல் என்பார்கள். அவர் கால் சொல்வதை யாரும் எண்ணாகக் கேட்பதில்லை.

எழுந்து நிற்பதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொடுத்த முதியோர் கவனிப்புக் கையேட்டில், கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 14 நொடிக்குள் முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. நம் வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி. சுவரோடு ஒட்டிப் போடாவிட்டால் வழுக்கி ஆளையே கவிழ்த்துவிடும். நம் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமாகத் தரையே இருக்கிறது. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரை 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார்கள். கையையும் முழங்காலையும் எவ்வளவு ஊன்றினார்கள் என்பதற்கு மதிப்பெண். மதிப்பெண் குறைந்தவர்களிடம் அடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகம் என்று 2012-ல் எழுதினார்கள். தினமும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட நமக்கு இந்தப் பரீட்சை புதிதில்லை. எப்போது தோற்கத் தொடங்கினோம் என்பதைத்தான் யாரும் குறிக்கவில்லை.

யாருடைய வரம்பு?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் தளர்ச்சி? ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-ல் கைப்பிடிக்கு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என வரம்பு வைத்தது. அதை எங்கள் தெருவில் வைத்தால் நன்றாக நடமாடும் பெண்களில் பல பேர் அதற்குக் கீழே நிற்கிறார்கள். உலக அளவில் ஒப்பிட்டபோதும் கைப்பிடி குறைவாக இருந்த பகுதிகளில் தெற்காசியாவும் ஒன்று. சின்ன வயதிலிருந்தே அரைவயிற்றுச் சாப்பாடு, சின்ன எலும்புக்கூடு. வெளியூர் அளவுகோலை வைத்தால் பாதி ஊரைத் தளர்ந்தவர் என்று எழுத வேண்டிவரும். பாதி ஊரை எழுதினால் யாரையும் கவனிக்க மாட்டோம்.

ஃபிரைட் குழுவே தங்கள் மக்களில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு யார் என்று பார்த்துத்தான் கைப்பிடிக்கும் நடைக்கும் வரம்பு வைத்தது. நாமும் நம் மக்களை அளந்து நம் வரம்பை வைக்கலாம். 2017–18-ல் நாடு முழுவதும் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேரை வீடு வீடாகப் பார்த்த முதுமை ஆய்வில் கைப்பிடியையும் நடையையும் அளந்திருக்கிறார்கள்; தமிழ்நாடும் அதில் உண்டு. ஆக, ஆரம்பிக்க ஒரு அடி இருக்கிறது.

ஆனால் என் அனுபவத்தில் எல்லா வரம்பையும்விட நம்பகமானது ஒன்று இருக்கிறது: அவரவரின் போன வருடத்து எண். வளர்ச்சி அட்டையின் சூட்சுமமே அதுதான். குழந்தை ஒல்லியா குண்டா என்பதைவிட அதன் கோடு ஏறுகிறதா படுக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். ஒல்லியான குழந்தையின் கோடு சீராக ஏறினால் கவலை குறைவு. கொழுகொழு குழந்தையின் கோடு இறங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. போன வருடம் 16 கிலோ இறுக்கிய கை இந்த வருடமும் 16 என்றால் சரி. 22 இறுக்கிய கை 17-க்கு வந்தால் ஏதோ நடக்கிறது. வரம்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது தெரியும். அதற்கு இரண்டு வருடத்து எண் வேண்டும். இரண்டு வருடத்து எண் வேண்டுமானால் முதல் வருடத்து எண்ணை யாராவது எழுத வேண்டும்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது?

‘கட்டையில போற வயசுல எனக்கு எதுக்கு எடை?’ என்று பெரியவர்களே கேட்கிறார்கள். ‘வயசானா தளரத்தானே செய்யும்’ என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். தெரிந்தால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் எழுபது தாண்டிய 754 பேரைப் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து வந்தபோது, இறங்கியவர்களே அதிகம் என்றாலும் ஒரு படி மேலேறியவர்களும் இருந்தார்கள். பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் 1990-ல் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் அவர்கள். காலின் வலு இரட்டிப்புக்கும் மேல் கூடியது. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், முறையாக நடைப்பயிற்சியும் வலுப்பயிற்சியும் செய்தவர்களிடம் நடக்கவே முடியாமல் போவது குறைந்தது. தசைக்கு வயது தெரியாது. வேலை கொடுத்தால் வளர்கிறது, கூடவே பருப்பும் முட்டையும் மீனும் கிடைத்தால்.

அளந்தால் காரணமும் பிடிபடும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு எடை இறங்கிக்கொண்டே வந்தது. புற்றுநோயோ என்று வீடே பயந்தது. கடைசியில் பார்த்தால் கீழ்வரிசைப் பல் போய்விட்டது. ஆறு மாதமாக ரசத்தில் கரைத்த சோறுதான் அவருக்குச் சாப்பாடு. பல் செட் பொருந்தியதும் எடை நின்றது. அண்ணாமலை நகரில் 1980-லிருந்து பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடை இறங்கியது எழுதப்பட்டால்தான் யாரோ ஒருவர் அவரை அங்கே அனுப்புவார். இன்னொருவருக்கு நடை திடீரென்று குறைந்தது; ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்ட பி.பி. மாத்திரையால் எழும்போதெல்லாம் தலைசுற்றல். கண்புரை, காது மந்தம், துணை இறந்தபின் வந்த மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் இங்கேயே ஏதாவது செய்ய முடியும். தளர்ச்சி என்று ஒரே மூட்டையாகக் கட்டி வயதின் தலையில் வைத்துவிட்டால் எதையும் செய்ய மாட்டோம்.

புயல் காலத்துப் பட்டியல்

கடலூருக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உண்டு. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையேறியது. 2015-ல் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையை மூழ்கடித்தது. ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் முகாமுக்குப் போங்கள். முகாம் ஒரு கிலோமீட்டர் என்றால், நொடிக்கு அரை மீட்டர் நடப்பவருக்கு அது அரை மணி நேரத்துக்கும் மேல். மழையில், இருட்டில், முழங்கால் தண்ணீரில்.

தேவனாம்பட்டினத்திலோ சாமியார்பேட்டையிலோ யார் யாரால் தானாக நடந்து முகாமுக்கு வர முடியாது என்ற பட்டியல் இன்றைக்கு இளைஞர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. கர்ப்பிணிகளின் பட்டியல் மட்டும் எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். பிரசவத் தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம். நடை ஐந்து நொடிக்கு மேல் என்று அட்டையில் எழுதியிருந்தால் பெரியவர்களுக்கும் அதே பட்டியல் கிடைக்கும். முதல் வண்டி யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

எண் ஆயுதமாகக் கூடாது

அளப்பதில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இங்கிலாந்தில் தீவிர சிகிச்சை யாருக்கு என்று முடிவெடுக்க ராக்வுட்டின் அளவுகோலைப் பயன்படுத்தச் சொல்லி வழிகாட்டுதல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் எழுப்பிய எதிர்ப்பில் சில நாட்களிலேயே அதைத் திருத்தினார்கள். முதியவர்களுக்காக எழுதிய அளவுகோலை, பிறவியிலேயே துணை தேவைப்படும் இளைஞர் மீது வைத்தால் அவருக்குக் கதவு அடைபடும் என்பதுதான் அவர்கள் வாதம். இங்கேயும் அந்தப் பயம் வேறு உருவத்தில் இருக்கிறது. ‘நடக்க முடியலன்னு எழுதிட்டா நூறு நாள் வேலையிலேர்ந்து பேரை எடுத்துடுவாங்களா நர்ஸம்மா?’ என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான பயம். அட்டையில் இருக்கும் எண்ணைக் காட்டி வேலையை, உதவித்தொகையை, அறுவை சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். எண் கூடுதல் கவனிப்புக்கு மட்டுமே. இல்லையென்றால் பெரியவர்கள் நம்மைப் பார்த்ததும் புடவையைச் செருகிக்கொண்டு ஓடுவார்கள். நிஜ நடை நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

யார் செய்வது?

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை. நாட்டிலேயே முதன்முதலாக முதியோருக்கான தனி மருத்துவப் பிரிவை 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். நல்லது. ஆனால் பரங்கிப்பேட்டை ஆயா கிண்டிக்குப் போவதற்கு முன், அவர் தளர்கிறார் என்று பரங்கிப்பேட்டையில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் 65 வயது தாண்டியவர்களில் தளர்ந்தவர் யார் என்று குடும்ப டாக்டர்கள் அடையாளம் காண வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஜப்பானில் 75 தாண்டியவர்களிடம் உடல் பரிசோதனையின்போது பதினைந்து கேள்வி கேட்பதை 2020-ல் தொடங்கினார்கள்.

இங்கே ஆட்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் பி.பி.யும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரும் அந்தத் திட்டத்தில் உண்டு. அந்தப் பையில் ஒரு டேப்பும் ஒரு சின்னத் தராசும் சேர்ந்தால் எடை, நடை, எழுந்து நிற்பது மூன்றும் ஆயிற்று. கைப்பிடிக் கருவி துணை நிலையத்துக்கு ஒன்று போதும். இதை இன்னொரு பதிவேடாகச் செவிலியர் தலையில் கட்டாதீர்கள். அவர்களுக்கு இருக்கிற பதிவேடுகளை நான் சுமந்தவள், அந்தக் கனம் எனக்குத் தெரியும். தன்னார்வலர்களுக்கு இந்த வேலைக்கென்று ஊக்கத்தொகையைக் கூட்டிக் கொடுங்கள். எண் இறங்கியவரின் பெயர் அன்றைக்கே இயன்முறை மருத்துவருக்குப் போக வேண்டும். சத்துணவுத் திட்டம் 1982-ல் தொடங்கி, பிறகு முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் விரிந்தது. எடை இறங்கியவர்களுக்கு அந்த மையத்திலேயே ஒரு முட்டை கொடுக்க முடியாதா?

வரம்பு வைக்கும் வேலைக்குச் சிதம்பரத்தில் எல்லாம் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. பக்கத்திலேயே பல் மருத்துவம், இயன்முறை மருத்துவம், உடற்கல்வி. இந்த மாணவர்கள் கிள்ளையிலும் கீரப்பாளையத்திலும் வீடு வீடாகப் போய் அளந்தால் இரண்டே வருடத்தில் நம் மாவட்டத்துக்கான எண்கள் கிடைக்கும். கோல்ஃப் இல்லாத கேள்வித்தாளும் கிடைக்கும்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். வடகிழக்குப் பருவமழையும் அந்த மாதத்தில்தான் தொடங்கும். வழக்கமாக அன்றைக்கு ஊரின் மூத்தவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள், பழம் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். இந்த வருடம் பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் மட்டுமாவது மேடைக்குப் பக்கத்தில் ஒரு தராசும் நான்கு மீட்டர் கோடும் வையுங்கள். ஒவ்வொருவர் பெயரிலும் அட்டை போட்டு அன்றைய எண்ணை எழுதுங்கள். மெதுவாக நடப்பவர்களின் பட்டியலை ஐப்பசி மழைக்கு முன் கிராம நிர்வாக அலுவலர் கையில் கொடுங்கள். அடுத்த அக்டோபரில் அதே ஆட்களை அதே கோட்டில் நடக்க வையுங்கள். இரண்டாவது எண் கிடைத்த அன்றைக்கு இந்தத் திட்டம் தேவையா என்று பேசலாம். பொன்னாடையை அதற்கப்புறம் போர்த்திக்கொள்ளலாம்.